காலநிலைத் திட்டங்களுக்கு அரசுப் பணம்: குழி வெட்டுகிறவர், பேனல் ஏற்றுகிறவர் கூலிக்கு யார் பொறுப்பு?

சேர்வராயன்_பாதை (இழையைத் தொடங்கியவர்)

சேலத்தில் இப்போது எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு பசுமைத் திட்டம் நடக்கிறது. மாடியில் சோலார் பேனல், தோட்டத்துக் கிணற்றில் சோலார் பம்பு, ஏரியில் தூர்வாரல், மலையில் உண்ணிச்செடியைப் பிடுங்கிவிட்டு மரக்கன்று நடுதல். எல்லாம் வேண்டிய வேலைதான். நான் பேச வந்தது அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றி.

பணம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 75,021 கோடி ரூபாய். மேட்டூர் உபரிநீரை நம் மாவட்டத்தின் வறண்ட 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 565 கோடி. 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்குவது என்று இலக்கு வைத்தார்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை கன்று என்று எண்ணிச் சொல்கிறார்கள். வேலை செய்தவருக்கு என்ன கூலி, அது என்றைக்குக் கைக்கு வந்தது, யாருக்காவது அடிபட்டதா என்று எந்தத் திட்டப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

மலைமேல் நடந்த ஒரு நடவு வேலையைச் சொல்கிறேன். எந்தத் திட்டம், எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் வேலை செய்தவர்களுக்குத்தான் இடைஞ்சல். துறை ஒருவருக்கு டெண்டர் விட்டது. அவர் இன்னொருவருக்கு உள்குத்தகை விட்டார். அந்த ஆள் ஊரில் ஒரு மேஸ்திரியைப் பிடித்தார். மேஸ்திரி சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். கூலி பாக்கி நின்றுபோனது. மேஸ்திரியைக் கேட்டால் உள்குத்தகைக்காரர் தரவில்லை என்றார். அவரைக் கேட்டால் மேலே பில் பாஸாகவில்லை. அலுவலகத்துக்குப் போனால், "நாங்கள் கான்ட்ராக்டருக்குத்தான் பணம் கொடுப்போம், ஆட்களோடு எங்களுக்குப் பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இதில் அதிகம் தலைகுனிந்தவர் அந்த மேஸ்திரிதான். அவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டியவர்.

என் கருத்து இதுதான். பொதுப்பணம் போகிற வேலையில் கூலியும் பாதுகாப்பும் டெண்டர் நிபந்தனையிலேயே இருக்க வேண்டும். மீறினால் பில் நிற்க வேண்டும். நடுவில் எத்தனை கை மாறினாலும், கடைசி ஆளின் கூலிக்குப் பணம் கொடுக்கிற துறையே பொறுப்பு. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஆள் பெயர், நிறுவனப் பெயர் வேண்டாம்.

நாகலூர்க்காரி

அண்ணா, இந்த மாதிரி வேலைக்கு நானும் போயிருக்கிறேன். குழிக்கு இவ்வளவு என்று பேசித்தான் கூப்பிடுவார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. காப்பித் தோட்டத்து மண் என்றால் மளமளவென்று வெட்டிவிடலாம். கரட்டு மேட்டில் கடப்பாறையைப் போட்டால் தீப்பொறிதான் பறக்கும். பாதி ஆழம் போனதும் பாறை தட்டினால் அந்தக் குழியை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி வேறு குழி தோண்ட வேண்டும். விட்ட குழிக்குக் காசு கிடையாது. அளக்க வருகிறவர் குச்சியை விட்டுப் பார்த்து, ஆழம் போதவில்லை என்று கோடு போட்டுவிட்டுப் போவார். நாள் முழுக்க வெட்டியும் எஸ்டேட் கூலி அளவுக்குக் கூட வராது.

வண்டி இறக்கிவிடுகிற இடத்திலிருந்து கன்றுக் கூடையைத் தலையில் வைத்து மேலே ஏறுகிற நேரத்துக்கும் கணக்கில்லை. உண்ணிச்செடி பிடுங்கிய நாளில் கை முழுக்க முள் கிழித்திருக்கும். கையுறை கேட்டதற்கு, மலைக்காரர்களுக்கு அதெல்லாம் பழக்கம்தானே என்றார்கள். யாருக்கும் முள் பழகுவதில்லை.

அப்புறம் இன்னொன்று. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. நான் வெட்டிய குழியும் அதே ஒன்றரை அடிதான். நூறு நாள் வேலையில் எல்லோருக்கும் ஒரே கூலி. சட்டப்படி குடிதண்ணீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவி எல்லாம் உண்டு. மரம் நடுகிற வேலையில் மட்டும் ஏன் இல்லாமல் போனது?

சூரமங்கலம்_ஒயர்மேன்

மாடி வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். 3 கிலோவாட் போட்டால் வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் மானியம், நேராக அவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. நல்ல விஷயம். அந்தப் பேனலை மேலே ஏற்றுகிற எங்களுக்குக் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதில் எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்வது என்பது எங்கள் பாடு. ஆள் குறைந்தால் கைக்கு அதிகம் வரும். அதனால் நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்கிறோம்.

இப்போது வருகிற பெரிய பேனல் ஒன்று 25 கிலோவுக்கு மேல். படிக்கட்டு குறுகலாக இருந்தால் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்க வேண்டும். காற்று அடித்தால் பேனல் ஆளையே இழுக்கும். சேஃப்டி பெல்ட் கொடுப்பார்கள், ஆனால் அதை எதில் மாட்டுவது? கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் கொக்கி போட ஓர் இடம் இருக்காது. பெல்ட்டை இடுப்பில் கட்டிப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறோம். சிமென்ட் ஷீட் கூரை இன்னும் மோசம். ஆணி அடித்த வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் உடையும். கூட வேலை பார்த்த ஒருவர் அப்படி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறார். "அவர் எங்கள் ஆள் இல்லை, சப்-கான்ட்ராக்ட்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல், மே மாத சேலம் வெயிலைச் சொல்லவே வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அதை வரவேற்கிறேன். ஆனால் அரசு மானியம் போகிற மாடி வேலையிலாவது 11 மணி முதல் 3 மணி வரை ஆள் ஏறக்கூடாது என்று ஒரு வரி எழுதினால், அந்த 4 லட்சத்துக்கு வேலையே இருக்காது.

ஓமலூர்_எல்1

நான் சின்ன கான்ட்ராக்டர். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எஸ்டிமேட் போடும்போது பொதுப்பணித் துறை விலை விகிதப் பட்டியல்படி ஆள்கூலியும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். டெண்டரில் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு வேலை. அதைத்தான் எல் ஒன் என்கிறோம். சிமென்ட் விலையைக் குறைக்க முடியாது, கம்பி விலையைக் குறைக்க முடியாது, டீசல் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது கூலி ஒன்றுதான். எஸ்டிமேட்டுக்கு ரொம்பக் கீழே ஒருவர் கேட்கிறார் என்றால், யாருடைய வயிற்றில் கை வைத்துக் கேட்கிறார் என்பது டெண்டர் திறக்கிற மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வேலை முடிந்து எம்.புக்கில், அதாவது துறையின் அளவுப் புத்தகத்தில், அளவு ஏற்றி, பில் போட்டு, பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை சனிக்கிழமைக் கூலிக்கு வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறேன். கடைசி பில்லில் பிடித்து வைக்கிற பாதுகாப்புத் தொகை தனி. கூலி நிபந்தனை வருவதில் எனக்கு எதிர்ப்பில்லை, உண்மையில் எனக்கு அது நல்லதுதான். ஒழுங்காகக் கூலி கொடுக்காதவரோடு நான் விலையில் போட்டி போட வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனையை எங்கள் தலையில் மட்டும் வைத்துவிட்டு, பில்லை மட்டும் பழையபடி இழுத்தடித்தால், முதலில் சாகிறவன் ஒழுங்காகக் கொடுக்கிறவன்.

சேர்வராயன்_பாதை

ஓமலூர் அண்ணன் சொல்வது முக்கியமான இடம். அப்படியென்றால் டெண்டரில் கூலிப் பகுதியைத் தனியாகப் பிரித்துவிடலாம். எஸ்டிமேட்டில் கூலிக்கு என்று போட்ட தொகைக்குக் கீழே யாரும் ஏலம் கேட்கக்கூடாது. போட்டி எல்லாம் பொருளிலும் லாபத்திலும் இருக்கட்டும். பில்லிலும் கூலிப் பகுதியை முதலில் விடுவிக்க வேண்டும். நூறு நாள் வேலையில் கூலி ஒரு கணக்கு, பொருள் ஒரு கணக்கு என்று ஏற்கெனவே பிரித்து நடத்திய அனுபவம் அரசுக்கு இருக்கிறது. அங்கேயும் 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் கூலி நின்றது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அங்கே 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தாமதித்தால் நஷ்டஈடு என்று சட்டத்தில் எழுதியிருந்ததால், கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஒதுக்கீடு ஒரு குறிப்பிட்ட தொகைதான். கூலியும் பாதுகாப்பும் கூடினால் நடுகிற கன்று குறையும், போடுகிற பேனல் குறையும். காலநிலை நமக்காகக் காத்திருக்காது. முதலில் வேலை முடியட்டும், பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம் என்பது தப்பா?

நாகலூர்க்காரி

அண்ணா, எத்தனை கன்று நட்டோம் என்று கேட்கிறீர்கள். அடுத்த சித்திரையில் எத்தனை நிற்கிறது என்று மலைக்கு வந்து பாருங்கள். மழையில் நட்டுவிட்டுக் கூலியைப் பாதியோடு நிறுத்தினால், அந்தப் பக்கம் யார் திரும்பிப் போவார்? தை பிறந்ததும் புல் காய்ந்துவிடும். மாசி, பங்குனியில் தீ வரும். தீத்தடுப்புக் கோடு வெட்டவில்லை என்றால் ஒரே சாயங்காலத்தில் எல்லாம் போய்விடும். ஆடு மேயாமல் பார்க்க வேண்டும், திரும்ப முளைக்கிற உண்ணியைப் பிடுங்க வேண்டும். இதற்கெல்லாம் ஊர் ஆட்களுக்கு மூன்று வருஷம் ஒழுங்கான கூலியில் வேலை கொடுத்தால் கன்று நிற்கும். கூலியை மிச்சம் பிடித்து நட்ட கன்று ஏட்டில்தான் நிற்கிறது.

மேட்டூர்_பழைய_ஆள்

"முதலில் வேலை, பிறகு நிபந்தனை" என்பதை நான் இளைஞனாக இருக்கும்போதே கேட்டிருக்கிறேன். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட்டுகள் நான்கும் 1987 முதல் 1990 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியவை. நிலக்கரி மின்சாரம் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது, நிற்கவும் வேண்டும். அன்றைக்கு நிரந்தரப் பணியாளருக்கு வேறு இடத்துக்கு மாறுதல் ஆணை வரும். சாம்பல் அள்ளுகிற, பெல்ட் கீழே கரி கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்த ஆணையும் வராது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம், கண்ணியமான வேலை என்று எழுதியிருக்கிறது. சோலார் வேலையின் கூலி கரி வேலையைவிடக் கீழே இருந்தால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு மாறச் சொல்வது?

அஸ்தம்பட்டி_வக்கீல்

சட்டம் எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதம் புதிதில்லை. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கு மைதானம், மேம்பாலம் கட்டியவர்கள் வெளியூர்க் கூலித் தொழிலாளர்கள். குறைந்தபட்சக் கூலி அப்போது நாளுக்கு 9.25 ரூபாய். ஆள் கூட்டி வந்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு 8.25தான் கொடுத்தார்கள். நம் பக்கத்துக் கங்காணி, மேஸ்திரி முறைதான். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் வைத்தது கான்ட்ராக்டர்தான் என்று சொல்லி அரசு அமைப்புகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் சொன்னது.

நாகலூர்த் தங்கச்சியின் குழிக் கூலிக்கு இன்னும் நெருக்கமான வழக்கு 1983இல் வந்தது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணமாக ஒரு சாலை வேலை. குழுவாக அளந்து, அளவுக்கு ஏற்பக் கூலி கொடுத்ததால் பலருக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலியான 7 ரூபாய் கூடக் கிடைக்கவில்லை. பஞ்ச நிவாரணம்தானே, அரசு உதவியாகக் கொடுக்கும் வேலைதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை வாங்கினால் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். பசுமைக்காக என்ற வாதத்துக்கும் இதே பதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதைய நிலை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது கான்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுத்தவர், கூலியைக் கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய தொகையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் பழைய சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. புதியதில் அந்த எண்ணிக்கை 50. மலையில் ஒரு நடவுக்கு 50 பேர் போகிறார்களா? மாடி சோலாருக்கு நான்கு பேர். அதாவது நாம் பேசுகிற வேலைகளில் பெரும்பாலானவை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விட்டன. குறைந்தபட்சக் கூலிக்கு மட்டும் ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆண் பெண் கூலி வித்தியாசமும் கூடாது. அது எல்லோருக்கும் உண்டு.

அதனால்தான் டெண்டர் நிபந்தனை முக்கியம் என்கிறேன். சட்டம் 50 பேரில் நின்றாலும், ஒப்பந்தம் நான்கு பேர் வேலைக்கும் பொருந்தும்படி எழுதலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 94ஆம் உடன்படிக்கை 1949லேயே அரசு ஒப்பந்தங்களில் தொழிலாளர் நிபந்தனை எழுதச் சொல்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

டெக்சாஸ்_அம்மாபேட்டை

நான் அம்மாபேட்டைக்காரன், இங்கே அமெரிக்காவில் சோலார் துறையில் இருக்கிறேன். 1931இல் வந்த டேவிஸ்-பேகன் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசுப் பணத்தில் 2,000 டாலருக்கு மேல் கட்டுமானம் என்றால் அந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலி விவரத்தை வேலை இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். கான்ட்ராக்டர் வாராவாரம் சம்பளப் பட்டியலைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதைக் காலநிலைத் திட்டங்களோடு கட்டியது. ஒரு மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள சோலார் திட்டத்துக்கு அடிப்படை வரிச் சலுகை 6 சதவீதம்தான். நிலவும் கூலியைக் கொடுத்து, பயிற்சித் தொழிலாளர்களுக்கும் இத்தனை சதவீத வேலை நேரம் என்று ஒதுக்கினால் அது 30 சதவீதம். ஐந்து மடங்கு! முதலீடு செய்கிறவரின் கணக்குப்பிள்ளையே கான்ட்ராக்டரிடம் சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்குகிறார். குறைத்துக் கொடுத்தது தெரிந்தால் பாக்கியை வட்டியோடு தொழிலாளிக்குக் கொடுத்து, தலைக்கு 5,000 டாலர் அபராதமும் கட்ட வேண்டும். 2025இல் ஆட்சி மாறி, சோலார், காற்றாலைச் சலுகையின் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள், அது வேறு கதை. அங்கே உள்ளதை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பணத்தை நிபந்தனையோடு கட்டினால், நிபந்தனையைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டர் மட்டும் ஓட வேண்டியதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

சூரமங்கலம்_ஒயர்மேன்

இதை இங்கேயும் செய்யலாமே அண்ணே. சூர்யகர் மானியம் வேண்டும் என்றால் பதிவு பெற்ற நிறுவனம்தான் பேனல் போட வேண்டும். அந்தப் பதிவைக் கொடுக்கும்போதே, ஏறுகிற ஆளுக்கு விபத்துக் காப்பீடு, கொக்கி மாட்டும் கம்பிக் கயிறு, எழுத்தில் வேலை ஆணை என்று கேட்கட்டும். ஆள் விழுந்தால் "எங்கள் ஆள் இல்லை" என்று சொல்கிறவருக்குப் பதிவு போகட்டும்.

கட்டட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவாரியத்துக்கு வரியாகப் போகிறது. நலவாரிய அட்டை இல்லாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். எங்கள் குழுவில் பாதிப் பேரிடம் அட்டையே இல்லை. வட மாநிலத் தம்பிகளிடம் சுத்தமாக இல்லை.

சேர்வராயன்_பாதை

இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

"காலநிலை, பசுமை, நீர்நிலைத் திட்டங்களின் எல்லா ஒப்பந்தங்களிலும், எத்தனை பேர் வேலை செய்தாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், ஆண் பெண் வேறுபாடின்றி, தொழிலாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகக் கூலி செலுத்தப்பட வேண்டும். கூலிப் பகுதியை டெண்டரில் குறைத்துக் கேட்கக் கூடாது. கூலி செலுத்திய பட்டியல் இணைக்காத பில் ஏற்கப்படாது. இணைத்த பில்லின் கூலிப் பகுதி 15 நாளில் விடுவிக்கப்படும். உள்குத்தகை விட்டால் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வேலை இடத்தில் தமிழில் கூலி விவரப் பலகை வைக்கப்பட வேண்டும். கற்குழிக்குத் தனி விகிதம் தரப்பட வேண்டும்."

தமிழ்நாட்டில் மே 1 கிராம சபை நாள். அன்றைக்கு ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, வாழவந்தி, தலைச்சோலைப் பக்கம் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_வக்கீல்

வரைவு நன்றாக இருக்கிறது. கிராம சபைத் தீர்மானத்தால் டெண்டர் விதி மாறிவிடாது. ஆனால் அதை இணைத்துத் துறைக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுக்கும்போது எடை கூடும். அதோடு, உங்கள் ஊரில் நடக்கிற வேலையின் ஒப்பந்த நகல், எஸ்டிமேட்டில் போட்ட கூலி விகிதம், பில் கொடுத்த தேதி மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எங்கே பணம் நின்றது என்று தெரிந்துவிடும்.

கூலி பாக்கி உள்ளவர்கள், என்றைக்கு எங்கே வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை இடத்தில் கைபேசியில் எடுத்த போட்டோவை அழித்துவிடாதீர்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று வருஷம் வரை கோரிக்கை வைக்கலாம், கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது தேதி முத்திரையோடு நகல் கேட்டு வாங்குங்கள்.

நாகலூர்க்காரி

அண்ணா, கடைசி வரியை எடுத்துவிடுங்கள். கற்குழிக்குத் தனி விகிதம் என்று எழுதினால் எது கற்குழி, எது மண்குழி என்று அளக்க வருகிறவர்தான் முடிவு செய்வார். பாறை தட்டி விட்டுவிட்ட குழிக்கு அப்போதும் காசு வராது. நாள்கூலி என்றே எழுதுங்கள். வண்டியில் இறங்கிய நேரத்திலிருந்து கணக்கு. வாழவந்தியில் என் சித்தி இருக்கிறார், அவரிடம் வரைவைப் படித்துக் காட்டுகிறேன்.

ஓமலூர்_எல்1

நாள்கூலி எனக்குச் சம்மதம். ஆனால் எஸ்டிமேட்டிலும் குழிக் கணக்கை விட்டு நாள்கூலியாகவே போட வேண்டும், அதையும் வரைவில் சேருங்கள். அங்கே குழிக் கணக்கும் இங்கே நாள்கூலியும் இருந்தால் நடுவில் விழுகிற வித்தியாசத்தை மறுபடி மேஸ்திரி தலையில்தான் கட்டுவார்கள். பில் 15 நாள் என்று போட்டதற்கு, எம்.புக் அளவு 7 நாளில் ஏற்ற வேண்டும் என்றும் சேர்த்தால்தான் அந்த 15 நாள் ஓடத் தொடங்கும்.

சேர்வராயன்_பாதை

மூன்றையும் சேர்த்துத் திருத்தி நாளைக்கு மேலே போடுகிறேன். சூரமங்கலம் தம்பி, மாடி வேலைக்கான பகுதியை நீங்களே எழுதித் தாருங்கள். கொக்கி, கம்பிக் கயிறு, வெயில் நேரம் மூன்றும் வேலை செய்கிறவர் வார்த்தையிலேயே வரட்டும்.